நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு

இரவு வண்டியைப் பணிமனையில் விட்டு
ஓட்டுநர் சீருடையோடே வந்துவிட்டேன்.
கம்பி வேலியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு
யாரோ எப்போதோ வெட்டிய ஓட்டை.
அதன் விளிம்புக்குத் துணி சுற்றியது மட்டும் நான்.

எனக்கு முன்பே வீகந்தஸ்,
அலுமினிய ஏணியின் நான்காம் படியில்.
பல் மருத்துவர். திங்கள் முதல் வெள்ளி வரை
ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர்
இங்கே தன் வாயைத் திறப்பதில்லை.
"மேற்குக் காற்று" என்றார். அவ்வளவுதான்.
கறுப்பு ரொட்டியில் பாதியைப் பிட்டு மேலே நீட்டினேன்.

ஓடுபாதை என்பது பெருமைக்கு.
புல்தான்.
அதில் மூன்று செங்கால் நாரைகள்
நிலம் அளக்க வந்த அதிகாரிகள்போல
நடந்துகொண்டிருந்தன.

முதலில் காட்டுத்தீ பார்க்கும் ஆரஞ்சு விமானம்.
அதை இங்கே எல்லோரும் எடுத்தாயிற்று.
பிறகு மின்கம்பி சோதிக்கும் ஹெலிகாப்டர்,
மூக்கில் கண்ணாடி உருண்டையோடு.
நாங்கள் அதை எடுத்தோமா, அது எங்களையா, தெரியவில்லை.
காற்று பலமென்று கால்மணியில் திரும்பிவிட்டது.

அதன் பிறகுதான் அன்னுஷ்கா.
அந்தோனவ் இரண்டு. இரட்டை இறக்கை, மஞ்சள் வயிறு,
என்னைவிட ஒன்பது வயது மூத்தவள்.
கூட்டுப்பண்ணைக் காலத்தில் உரம் தூவியவள்.
மழைநாளில் இன்னும் அந்த நெடி வரும் என்பாள்
இயந்திரம் பார்க்கும் ஸ்கைஸ்தே,
முழங்கைவரை கறுத்து.
"எண்ணெய் ஒழுகினால் பயப்படாதே.
ஒழுகாத அன்றைக்குப் பயப்படு."

நீலப்புகை. ஒரு தும்மல். இன்னொன்று.
ஒன்பது உருளைகளும் ஒவ்வொன்றாய்ச் சம்மதித்து
பிறகு ஒரே குரல்.

புதிதாய் வருகிறவர்கள் தவறுவது இங்கேதான்.
ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கில் வைத்து
விசிறியை உறையவைத்துவிடுவார்கள்.
நான்கு தகடும் துல்லியமாய்,
நடுவானில் இயந்திரம் செத்த விமானம்.
நான் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.
கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு.
பத்தில் ஒன்பது குப்பை,
பத்தாவதில் விசிறி ஒரு வட்டம்,
கலங்கிய, மூச்சுவிடும் வட்டம்.

நாரைகள் வழிவிடவில்லை.
ரிம்வீதஸ் விமானி அறைச் சன்னலைத் திறந்து
ஏதோ கத்தினார்.
நாரைகளுக்கு லிதுவேனிய மொழி தெரியும்,
அவசரம்தான் தெரியாது.
காத்திருந்தார். நாங்களும்.

ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி,
காற்றுக்கு நேரே முகம் வைத்து
முன்விளிம்புப் பலகைகள் தாமாகத் திறந்துகொள்ள
மெதுவாக, இன்னும் மெதுவாக
நின்றாள்.

உருளைக்கிழங்கு வயலுக்கு மேலே,
தேவாலயக் கோபுர உயரத்தில்,
கொடியில் காயப்போட்ட போர்வைபோல.
அவள் நிழல் ஒரே பாத்தியில் படுத்திருந்தது.
பிறகு, சத்தியமாக,
ஒரு முழம் பின்னால் போயிற்று.

அறுபத்தெட்டுப் படங்கள்.

இரவு சமையலறை மேசையில் ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறேன்.
விசிறி வட்டம். மஞ்சளில் வெயில்.
ஆணிகளை எண்ணிவிடலாம்.
சாதாரணமாகப் பறந்துகொண்டிருக்கிறாள்.
எந்த விமானம்தான் படத்தில் நிற்கவில்லை?
போன மாதம் எடுத்த போர் ஜெட்டும்
பக்கத்துக் கோப்பில் அப்படியேதான் நிற்கிறது.

வீகந்தஸுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "நின்றது வரவில்லை."

பதிலுக்கு ஒரு படம்.
ஏணியிலிருந்து கீழே பார்த்து எடுத்தது.
விமானமே இல்லை.
காற்றில் புல்லெல்லாம் கலங்கிக் கிடக்க
வேலியோரம் சீருடையில் ஒரு ஆள்.
எப்போது இறக்கினேனோ, கேமரா நெஞ்சில் தொங்குகிறது.
கழுத்து ஒரு பக்கமும் திரும்பவில்லை,
நேராக, மேலே,
ரொட்டித் துண்டு தெரியும் அளவுக்கு
வாய் பிளந்து.

அடியில் எழுதியிருந்தார்:
"முடிந்தது. இனி மூடலாம்."